ஐந்து முறை சரியாக வந்தது போதுமா?
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கருத்தரங்கின் பொருள் நம்பிக்கை. எதை நம்பலாம், எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் குடும்பத்திலிருந்தும் தொழிலிலிருந்தும் உதாரணங்கள் காட்டினார்கள். நான் ஓர் எண்ணைக் காட்டப் போகிறேன். கணக்கு என்றதும் யாரும் தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

அந்த எண் இதுதான்: 4,294,967,297. நம் பாட்டனார் காலத்துக் கணக்கில் சொன்னால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. இங்கே பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் நான்கு பில்லியன் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு மில்லியன் என்று தொடங்குவார்கள். எப்படிப் படித்தாலும் எண் ஒன்றுதான். இந்த எண்ணைப் பற்றி ஒரு மாமேதை சொன்ன கருத்து, கிட்டத்தட்ட 92 ஆண்டுகள் தவறு என்று காட்டப்படாமலே இருந்தது. பிறகு 25 வயது இளைஞர் ஒருவர் அதைத் தவறு என்று காட்டினார். எப்படி என்பதைப் பார்ப்போம்.

ஒரு நீதிமன்ற அதிகாரியின் கணிப்பு

பிரான்ஸ் நாட்டின் துலூஸ் நகரில் பியேர் தெ ஃபெர்மா என்று ஒருவர் இருந்தார். அவருக்குத் தொழில் சட்டம். நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். கணிதம் அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடு. ஆனால் அந்த ஓய்வு நேரத்தில் அவர் கண்டறிந்தவை, முழுநேரமும் கணிதமே செய்தவர்களைத் திகைக்க வைத்தன.

அவர் 1640-ஆம் ஆண்டில் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு வரிசையைக் குறிப்பிட்டார். நாமே அதை உண்டாக்கலாம். 2 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கினால் 4. நான்கை நான்கால் பெருக்கினால் 16. பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256. அதையும் அப்படியே பெருக்கினால் 65,536. இன்னும் ஒரு முறை பெருக்கினால் 4,294,967,296. இப்போது ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுங்கள். நமக்குக் கிடைப்பவை 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297. ஆறாவதாக வருவதுதான் நம் எண்.

முதல் ஐந்தையும் பாருங்கள். மூன்று ஒரு பகா எண். அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண். ஐந்தும் பகா எண். பதினேழும் அப்படியே. 257-உம் 65,537-உம் பகா எண்களே. இதைக் கண்ட ஃபெர்மா, இந்த வரிசை எவ்வளவு தூரம் போனாலும் எல்லாமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனாலும் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று உறுதியாக நம்பினார். 1665-இல் அவர் மறைந்தார். அவர் பெயருக்கு இருந்த மதிப்பில் அந்தக் கருத்தும் வாழ்ந்துகொண்டிருந்தது.

ஐந்துக்கு ஐந்தும் சரி. நம்மில் எத்தனை பேர் ஐந்து முறை சோதித்த பிறகும் ஒன்றைச் சந்தேகிப்போம்?

ஆய்லரின் விடை

இப்போது ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போவோம். அங்கே சுவிட்சர்லாந்தில் பிறந்த லியோனார்டு ஆய்லர் என்ற இளைஞர் அறிவியல் கழகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணித நண்பர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். "ஃபெர்மா இப்படிச் சொல்லியிருக்கிறாரே, அது உங்களுக்குத் தெரியுமா?" என்பது அந்தக் கடிதத்தில் வந்த கேள்வி. ஆய்லர் தொடக்கத்தில் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. பிறகு அந்தக் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. 1732-இல் விடை வந்தது:

641 × 6,700,417 = 4,294,967,297

அவ்வளவுதான். 641 அந்த எண்ணை மீதியின்றி வகுக்கிறது. ஆகவே அது பகா எண் அல்ல, பகு எண். ஃபெர்மாவின் கருத்து ஆறாவது படியிலேயே சரிந்தது.

வீட்டில் இருப்பவர்கள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம். 6,700,417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4,020,250,200. நாற்பதால் பெருக்கினால் 268,016,680. ஒன்றால் பெருக்கினால் 6,700,417. மூன்றையும் கூட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. ஆய்லர் பெரிய மேதை என்பதற்காக நாம் இதை நம்ப வேண்டியதில்லை. நாமே சரிபார்க்கலாம். ஃபெர்மா பெரிய மேதை என்பதும் அவர் சொன்னதை இந்தப் பெருக்கலிலிருந்து காப்பாற்ற முடியாது. கணிதத்தில் ஆளைப் பார்த்து மரியாதை கிடையாது.

சரி, ஆய்லருக்கு 641 எப்படிக் கிடைத்தது? அவரிடம் ஒரு விதி இருந்தது. நம் எண்ணைப் பகா எண் ஒன்று வகுக்க வேண்டுமானால், அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்பது அந்த விதி. 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று அந்த வரிசை போகும். இதில் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641. முதல் நான்கும் வகுக்கவில்லை. ஐந்தாவது வகுத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விதியின் வேர், அதே 1640-இல் ஃபெர்மா தாமே வேறொரு கடிதத்தில் எழுதிய ஓர் உண்மைதான். கருவி அவர் கையிலேயே இருந்தது. எந்த விதியும் இல்லாமல் 2, 3, 5, 7 என்று பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போயிருந்தாலும், 116-ஆவது வகுத்தலில் 641 வந்திருக்கும். சில நாள் வேலை. ஐந்து முறை சரியாக வந்ததால் ஏற்பட்ட திருப்தி, ஆறாவதைத் தொடவிடாமல் செய்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

ஏன் 641 வகுக்கிறது?

பெருக்கிப் பார்த்தால் விடை சரி என்று தெரிகிறது. ஏன் சரி என்று கேட்டால்? அதற்கும் அழகான விளக்கம் உண்டு. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இதைக் கொஞ்சம் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

641 என்ற எண்ணை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 640 + 1. இன்னொன்று, 625 + 16. முதலாவதில் 640 என்பது 5 × 128. இரண்டாவதில் 625 என்பது ஐந்தை நான்கு முறை பெருக்கினால் வருவது.

நம் எண் 4,294,967,296 + 1. இதில் 4,294,967,296 என்பது 16 × 268,435,456. இங்கே 16-க்குப் பதிலாக 641 - 625 என்று போடுங்கள். 641 × 268,435,456 என்பதிலிருந்து 625 × 268,435,456 என்பதைக் கழிக்க வேண்டியிருக்கும். 268,435,456 என்பது 128-ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது. ஆகவே நாம் கழிக்கும் பகுதி 640 × 640 × 640 × 640. கூட்ட வேண்டிய ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், மொத்தத்தில் நாம் கழிப்பது 640-இன் நான்காம் அடுக்கைவிட ஒன்று குறைவான எண். அந்த எண் 639 × 641 × 409,601. பார்த்தீர்களா, அதற்குள்ளும் 641 இருக்கிறது. 641-இன் மடங்கிலிருந்து 641-இன் மடங்கைக் கழித்தால் வருவதும் 641-இன் மடங்குதானே?

மிச்சம் என்ன என்பதையும் பார்த்துவிடலாம். 639 × 409,601 = 261,735,039. இதை 268,435,456-இலிருந்து கழித்தால் 6,700,417. ஆய்லர் சொன்ன இன்னொரு காரணி அதே எண்தான்.

சோதனையே இல்லாத சோதனை

நேயர்களே, இந்தக் கதையைப் பலர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். மேதையும் தவறினார் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் இன்றைய தலைப்புக்கு வேண்டிய பாடம் இனிமேல்தான் இருக்கிறது. முதல் ஐந்து எண்கள் ஏன் தேறின?

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆய்லரின் விதியை முதல் ஐந்து எண்களுக்கும் பொருத்திப் பாருங்கள். 257-ஐ எடுத்துக்கொண்டால், அதை வகுக்கக்கூடிய பகா எண் 16-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட எண்களில் மிகச் சிறியது 17. ஆனால் நாம் 16 வரைதான் பார்க்க வேண்டும். ஆகவே 257-ஐ வகுக்க முன்வரும் எண்ணே இல்லை. 3, 5, 17 ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். இந்த நான்கும் தேர்வு எழுதவே இல்லை, நேயர்களே. கேள்வித்தாளில் கேள்வியே இல்லை!

ஐந்தாவதான 65,537-க்கு இரண்டே இரண்டு கேள்விகள். 97-ஆல் வகுபடுமா, 193-ஆல் வகுபடுமா? 97-ஆல் வகுத்தால் மீதி 62. 193-ஆல் வகுத்தால் மீதி 110. இரண்டிலும் தப்பித்துக்கொண்டது. ஆறாவது எண்ணுக்கு வரும்போதுதான் உண்மையான தேர்வு. 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான எண்கள் அங்கே ஆயிரத்துக்கு மேல் வரிசையில் நிற்கின்றன. அவற்றில் பத்தாவதாக நின்ற 641-இடமே அது தோற்றுவிட்டது.

ஆக, ஃபெர்மா பார்த்த ஐந்து வெற்றிகளில் நான்கு, வெற்றி என்றே சொல்லத் தகாதவை. தவறுவதற்கு வாய்ப்பே இல்லாத இடத்தில் தவறாமல் இருப்பது எதையும் நிரூபிக்காது.

இதை நம் வாழ்க்கைக்குக் கொண்டுவருவோம். விரைவில் பணக்காரராகலாம் என்று சொல்லிவரும் முதலீட்டுத் திட்டங்களைப் பற்றிய செய்திகளை நாம் தொடர்ந்து படிக்கிறோம். சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் சொல்வது என்ன? "ஐந்து மாதம் சொன்ன தேதியில் பணம் வந்தது, அதனால்தான் நம்பினோம்" என்கிறார்கள். சற்று யோசியுங்கள். ஒருவர் பத்தாயிரம் வெள்ளி கொடுக்கிறார். மாதம் ஐந்நூறு வெள்ளி திரும்பி வருகிறது. ஐந்து மாதத்தில் வந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு. வாங்கியவரிடம் இன்னும் ஏழாயிரத்து ஐந்நூறு இருக்கிறது. அவர் எந்த வியாபாரமும் செய்யாமல், நீங்கள் கொடுத்த பணத்திலிருந்தே உங்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்க முடியும். அந்த ஐந்து மாதமும் அவருக்குத் தேர்வே இல்லை. 3, 5, 17, 257 மாதிரிதான். அதை நம்பி வீட்டை அடகு வைத்து, அண்ணன் தம்பியையும் சேர்த்துவிட்ட பிறகு ஆறாவது மாதம் வருகிறது.

ஃபெர்மாவை நான் அப்படிப்பட்டவர்களோடு ஒப்பிடவில்லை. அவர் நேர்மையான மனிதர். நிரூபணம் இல்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் தம் நம்பிக்கையைச் சொன்னார். நான் ஒப்பிடுவது, அதைக் கேட்டு நம்பிய பக்கத்தை. அந்தப் பக்கத்தில்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம்.

தோற்ற எண்ணும் பயன்படும்

அப்படியானால் ஃபெர்மாவின் வரிசை வீணா? இல்லவே இல்லை. 1796-இல் காஸ் என்ற ஜெர்மானிய இளைஞர், 18 வயதில், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 சமபக்கங்கள் உள்ள உருவத்தை வரைய முடியும் என்று காட்டினார். இரண்டாயிரம் ஆண்டுகளாக யாருக்கும் தோன்றாதது அது. அதற்குத் திறவுகோல் ஃபெர்மாவின் வரிசையில் உள்ள பகா எண்கள்தாம்.

இந்த வரிசையில் இன்னொரு அழகும் உண்டு. 3 × 5 = 15. இரண்டைக் கூட்டினால் 17. 3 × 5 × 17 = 255. இரண்டைக் கூட்டினால் 257. இப்படியே ஐந்து எண்களையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் நம் 4,294,967,297 வந்து நிற்கும். இதனால் இந்த வரிசையில் எந்த இரண்டு எண்களுக்கும் ஒன்றைத் தவிர பொதுக் காரணி கிடையாது. 641 இந்த ஓர் எண்ணை மட்டும்தான் வகுக்கும், வரிசையில் வேறு எதையும் வகுக்காது.

நம் எண்ணுக்கு ஒன்று குறைவான 4,294,967,296-உம் நமக்குப் புதியதல்ல. இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். பழைய முறையில் உண்டாக்கக்கூடிய முகவரிகளின் மொத்த எண்ணிக்கை அதுதான். நானூற்று இருபத்தொன்பது கோடி போதும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. அதனால்தான் புதிய, நீளமான முகவரி முறைக்கு உலகம் மாறி வருகிறது.

65,537-க்கும் வேலை இருக்கிறது. 1977-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் ஒரு ரகசியப் பூட்டு முறையை உருவாக்கினார்கள். மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்.எஸ்.ஏ. என்பார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கி வந்த எண்ணிலிருந்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது கடினம் என்பதே அதன் அடிப்படை. இணையத்தில் தகவல்களைப் பூட்டி அனுப்புவதற்குப் பரவலாகப் பயன்பட்டுவரும் அந்த முறையில், பொதுச்சாவியின் ஒரு பகுதியாகப் பெரும்பாலும் வைக்கப்படுவது 65,537.

பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்பதற்கு ஃபெர்மாவின் வரிசையே சாட்சி. ஏழாவது எண்ணின் காரணிகளை 1880-இல் லாண்ட்ரி என்பவர் தமது 82-ஆம் வயதில் கண்டுபிடித்தார். எட்டாவது எண்ணைப் பிரிக்க 1970 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கும் கணினி தேவைப்பட்டது. இந்த வரிசையில் ஆறாவதிலிருந்து தொடர்ச்சியாக 28 எண்கள் பகு எண்கள் என்று இன்று தெரியும். அதற்கடுத்த எண்ணுக்கு இருநூற்று ஐம்பது கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அது பகா எண்ணா, பகு எண்ணா என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. முதல் ஐந்தைத் தவிர இந்த வரிசையில் வேறொரு பகா எண் இன்றுவரை கிடைக்கவும் இல்லை.

அப்படியானால் இனி எல்லாமே பகு எண்கள்தான் என்று சொல்லிவிடலாமா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் யாரும் அதை உண்மை என்று பதிவு செய்யவில்லை. நிரூபணம் வரும் வரை அது கணிப்பு மட்டுமே. ஐந்தை வைத்து முடிவு கட்டியவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள், இருபத்தெட்டை வைத்தும் முடிவு கட்டவில்லை. அந்த அடக்கம்தான் 4,294,967,297 கணித உலகுக்குக் கற்றுக்கொடுத்தது.

நாம் என்ன செய்யலாம்?

அன்றாட வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் நிரூபணம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். காய்கறிக் கடைக்காரரிடம் நிரூபணம் கேட்டால் கடையை விட்டு அனுப்பிவிடுவார். ஆனால் பெரிய முடிவு எடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்கலாம். இது எத்தனை முறை நடந்தது என்று கேட்பதோடு நிற்காமல், எதனால் நடக்கிறது என்று கேளுங்கள். அடுத்து, இதுவரை நடந்தவற்றில் தவறுவதற்கு உண்மையாகவே வாய்ப்பு இருந்ததா என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லை என்றால், ஐந்து என்ன, ஐம்பது முறை சரியாக வந்திருந்தாலும் பணப்பையை மூடியே வைத்திருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "ஏன் இப்படி வருகிறது?" என்று கேட்டால், "அதெல்லாம் தேர்வில் வராது, விடையை மட்டும் எழுது" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த "ஏன்" என்ற கேள்விதான் நாளை அந்தப் பிள்ளையை ஏமாறாமல் காப்பாற்றும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து வகுத்துப் பாருங்கள். இன்று இரவே 4,294,967,297-ஐ 641-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், கையால் செய்யட்டும். கடைசி வரியில் மீதி சுழியம் என்று வரும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். யார் சொல்லியும் நம்பாமல், தானே கண்டுகொண்ட ஓர் உண்மை அது.